நாண் இறக்காத வீடு

மிளகு கிலோ முந்நூற்றைம்பதுக்கு இறங்கிய வருஷம், மாசி மாதம் பதினொன்றாம் தேதி, மலைமேல் வளப்பூர் நாட்டு அர்த்தனாரி செத்துப்போனான். பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு வழக்கம்போல மிளகு பறிக்கத் தோட்டத்துக்குப் போனான். முதல் நாள்தான் ஊர் கூடி அவனுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தது. பார்த்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் பொய் சொல்லக்கூடியவர்கள்தான், ஆனால் மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள்: தோளில் கூடை, இடுப்பில் பழைய துண்டு, தலையில் அடிபட்ட இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டு. ஒற்றை மூங்கில் ஏணியையும் தூக்கிக்கொண்டு போனான். அந்த ஏணியிலிருந்து விழுந்துதான் செத்தான் என்பதால் அவன் பெண்டாட்டி மாதம்மாள் அதைக் கண்ணில் படாதபடி ராசு வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். ராசு அர்த்தனாரிக்குப் பெரியப்பன் மகன், அடுத்த வீடு. அவன் கொட்டகையில் எட்டிப் பார்த்தபோது ஏணி அங்கேயும் இருந்தது. எது நிஜ ஏணி என்று யாரும் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கிற காரியமா அது?

காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. வில் இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலை நாண் இறக்குவது. சங்கு ஊதுவதும் சொந்தபந்தத்துக்குப் போன் போடுவதும் அதற்கப்புறம்தான். நாண் ஏறிய வில் வீட்டில் இருக்கும்வரை செத்தவனால் கிளம்ப முடியாது. முளையில் கட்டிய மாடு மாதிரி அந்த வீட்டையே சுற்றிக்கொண்டு நிற்பான். இறக்குவதற்கும் ஒரு முறை உண்டு: ஏற்றின கை இறக்க வேண்டும், அது போய்விட்டால் அந்த வீட்டுக் கை. வெளியாள் தொடக் கூடாது. இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்ததை நம் ஆட்கள் என்றைக்கு மதித்தார்கள்?

அர்த்தனாரிக்கு வில் செய்வது தொழில் கிடையாது. மிளகும் மரவள்ளியும்தான் தொழில். வில் சும்மா ஓர் ஆசைக்கு. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் கோழிச் சண்டை, இவனுக்கு வில். இருபத்திரண்டு வருஷத்தில் பன்னிரண்டு வில் செய்தான். ஒன்றைக்கூட விற்கவில்லை, ஒன்றிலும் அம்பு வைத்து எய்ததும் இல்லை. ஆடிப் பதினெட்டு விழாவுக்குச் செம்மேட்டில் வில் போட்டி நடக்கும். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து கீழ்நாட்டுப் பிள்ளைகள் கடையில் வாங்கிய பளபளப்பான வில்லோடு வருவார்கள். கூட்டமெல்லாம் அம்பு எங்கே போய்க் குத்துகிறது என்று பார்க்கும்போது இவன் ஒருத்தன் மட்டும் வில் வளைகிற வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பரிசு கொடுக்கும் முன்பே பஸ் ஏறி வந்துவிடுவான். "மலையேற ரோட்டுல எழுவது வளைவு கெடக்குது, அது பத்தலீங்களா உங்களுக்கு?" என்று மாதம்மாள் கேட்பாள். அதற்குச் சிரிப்பான். பேச்சு அவனுக்குக் கொஞ்சம் பஞ்சம்தான். பட்டா நிலத்தில் நின்ற தடசு மரத்திலிருந்து கட்டை பிளந்து, அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு வருஷம் புகையில் காயப்போட்டு, பிறகு கத்தியால் சீவி, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவான். ஒரு சுரண்டல், ஒரு வளைப்பு, ஒரு பார்வை. மறுபடி ஒரு சுரண்டல். குழம்பில் மரத்தூள் விழாத நாள் அந்த வீட்டில் கிடையாது. பிள்ளை இல்லாத வீடு. இரண்டே பேர், அதில் ஒருத்தன் மரத்தோடு குடித்தனம் நடத்தினால் இன்னொருத்திக்குக் கோபம் வராதா?

செத்த அன்று காலையிலும் சண்டைதான். சேந்தமங்கலத்தில் மாதம்மாளின் அக்காள் வீட்டு விசேஷம். ஒன்பது மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள். அவன் பன்னிரண்டாவது வில்லைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். "உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு மரத்துக்கு வாக்கப்பட்டிருக்கலாம்" என்றாள். அவன் வில்லில் நாணை ஏற்றி, அடுக்களைச் சுவரில் இருந்த இரண்டு முளையில் மாட்டி, "மத்தியானம் வந்து எறக்கறேன், அது வரைக்கும் தொடாத" என்று சுவரைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் பஸ்ஸையும் விசேஷத்தையும் மறந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு விழுந்துவிட்டான். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ராசு முறைப்படி மாதம்மாளிடம் கேட்டான்: "நாணெல்லாம் எறக்கியாச்சா கண்ணு?" வீட்டின் முன்பக்கத்து ஆசாரத்தில் தொங்கிய பதினொரு வில்லும் நாண் இல்லாமல்தான் இருந்தன. அடுக்களைக்குள் ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "ஆச்சுங்க மாமா" என்று மாதம்மாள் சொன்னாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை என்று பின்னால் பலரிடம் சொன்னாள். மரத்துக்கு வாக்கப்பட்டிருக்கலாம் என்பதுதான் கடைசிப் பேச்சு என்று அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவரைக்கும் இருந்தால் போதும் என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராததை ஊர் கவனித்தது, தப்பாகவும் பேசியது.

இப்படித் தங்கிப்போன அர்த்தனாரி யாரையும் பயமுறுத்தவில்லை. விடிந்ததும் தோட்டத்துக்குப் போவான், பொழுது சாய வருவான். சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து ஆவியை மட்டும் முகர்ந்துவிட்டு எழுந்துகொள்வான். அவன் நாள் முழுக்கப் பறித்தாலும் கூடையில் ஒரு மணி மிளகு சேராது. கொடியில் இருந்த மிளகு கொடியிலேயே இருக்கும். ஆனால் அவன் விரல் பட்ட கொடியின் மிளகில் காரம் இருக்காது. செம்மேட்டு வியாபாரி இரண்டு தடவை மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அவனை வேலியோரத்து நாலு கொடியோடு நிறுத்திக்கொள்ளும்படி மாதம்மாள் சொல்ல, சரி என்று கேட்டுக்கொண்டான். ஒரே சங்கடம் அவன் குரல்தான். வாய் அவனிடம் அசையும். சத்தம் அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த வில்லின் நாணிலிருந்து வரும். தோட்டத்தில் அவன் என்னவோ சொல்வது தெரியும், என்ன சொன்னான் என்று தெரிய வேண்டுமானால் அந்த நேரத்தில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். ராசுவின் பெண்டாட்டி பாப்பாயி, தீப்பெட்டி வாங்க வந்தவள், ஆள் இல்லாத அடுக்களையில் "வேலிய மாடு தாண்டுது, ஓட்டுங்க" என்று சுவர் பேசுவதைக் கேட்டு, தீப்பெட்டியை விட்டுவிட்டு ஓடியே போனாள். அப்படித்தான் வில் விஷயம் வெளியே வந்தது.

ராசு வந்து நன்றாகத் திட்டினான். மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாம் கேட்டுக்கொண்டாள், ஆனால் நாணில் கை வைக்கவில்லை. "எறக்கறனுங்க மாமா. இன்னும் கொஞ்ச நாள்." அந்தக் கொஞ்ச நாள் வருஷமாக நீண்டது. விதவைப் பென்சன் மனுவை விசாரிக்கக் கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த சுந்தரராஜன் என்ற அலுவலர் ஒரு நாள் வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவனிடமே வழி கேட்டு, அவனிடமே கணவர் பெயரைக் கேட்டு, உள்ளேயிருந்து வந்த பதிலை எழுதி முடித்த பிறகுதான் விஷயம் அவருக்குத் தெரிந்தது. நேர்மையான மனிதர். அறிக்கையில் இப்படி எழுதினார்: 'மனுதாரரின் கணவர் இறந்தது உண்மை என விசாரணையில் தெரியவருகிறது. விசாரணையின்போது அன்னாரும் உடனிருந்தார்.' மனு பாஸாகிவிட்டது. கொரோனா வந்து பஸ் நின்ற வருஷம் மலையில் முகக்கவசம் இல்லாமல் நடமாடிய ஒரே ஆளும் அர்த்தனாரிதான். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் விவரம் சொன்னதும், "சரி, போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஆனால் நாண் இறக்காத வில் சும்மா இருக்காது. மரம் கொஞ்சம் சோம்பேறி. ஒரே நிலையில் வைத்தால் அதுதான் தன் இயல்பு என்று நம்பிவிடும். வளைத்தால் வளைவேன், விட்டால் நிமிர்வேன் என்கிற குணம் மெதுவாகச் செத்துப்போகும். இரண்டாவது வருஷம் அர்த்தனாரியின் தோள் இறங்கியது. மூன்றாவது வருஷம் கூன் விழுந்தது. ஐந்தாவது வருஷம் நெற்றி முழங்காலுக்கு நேராக வந்துவிட்டது. மண்ணைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் நடந்தான். மாலையில் மாதம்மாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சுவரிலிருந்து குரல் வரும்: "பலா காச்சிருக்குதா?" காய்த்திருக்கிறது என்பாள். "எத்தன?" எண்ணிச் சொல்வாள். "மேக்கால மழ இருக்குதா?" வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். இருபத்திரண்டு வருஷம் அவனோடு வாழ்ந்ததில் பேசாததையெல்லாம் இப்போது பேசினாள், எல்லாம் அவனால் பார்க்க முடியாததைப் பற்றி. தான் செய்தது அன்பு இல்லை, பாவம் என்று தெரிந்தது. தெரிந்தும் விட முடியவில்லை.

ஆறாவது வருஷம் ஐப்பசி மழையில், வில்லில் படிந்த கரியை எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது அவள் நகம் ஒரு இடத்தில் மாட்டியது. வில்லுக்கு இரண்டு பக்கம்: ஆளைப் பார்க்கிற பக்கம் வயிறு, எதிர்ப் பக்கம் முதுகு. முதுகில், பிடிக்குக் கீழே, முடி கனத்துக்கு ஒரு விரிசல். அன்று சாயங்காலம் அர்த்தனாரி வந்தபோது அவன் முதுகிலும் குறுக்காக ஒரு கோடு இருந்தது. ரத்தம் இல்லை. அறுத்த மரத்தின் வாசம் வந்தது. ராசுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராசு வில்லைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான். "கண்ணு, நாணோட வில்லு ஒடிஞ்சா என்னாகும்னு தெரியுமா உனக்கு?" தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரியும். ராசுவின் தாத்தா காலத்தில் ஓடைக்கரையில் ஒருவனுக்கு அப்படி ஆனது. அவன் இடுப்புக்குக் கீழே உள்ள பாதி இன்றைக்கும் ஓடையோரம் நடக்கிறது. மேல் பாதி ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் கிடந்து அதைக் கூப்பிடுகிறது. கால்களுக்குக் காது இல்லை, அதனால் திரும்புவதில்லை. அந்த வழியில் தண்ணீருக்குப் போகிற பெண்கள் கால்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போவார்கள்.

மாதம்மாள் உடனே நாணில் கை வைத்தாள். "வேண்டாம்" என்றது சுவர். "எறக்கணும்னா முதல்ல இன்னும் ஒரு விரக்கட வளைக்கணும். வளைச்சா விரிசல் பொளந்துரும்." நாணை அறுத்தால் வில் உதறும், அந்த உதறலில் நிச்சயம் ஒடியும். அப்படியே விட்டாலும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோதான் தாங்கும். இறக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. மறுநாள் அவள் அடுப்பை மூட்டாமல் நாள் பூராவும் அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்து சொன்னாள்: புதிதாக ஒரு வில் செய்து நாண் ஏற்றிப் பக்கத்தில் மாட்டிவிட்டால் அவன் அதற்கு மாறிக்கொள்ளலாம், பிறகு பழையது ஒடிந்தால் ஒடியட்டும், அதில் ஆள் இருக்க மாட்டான். நடக்குமா நடக்காதா என்று அவன் சொல்லவில்லை. "பரண்ல கெழக்கு ஓரமா நாலு கட்ட இருக்குது. சின்னக் கத்திய எடுக்காத, பெருச எடு" என்று மட்டும் சொன்னான்.

அதற்கு முன் அவள் அந்தக் கத்தியை எடுத்ததெல்லாம் பலாப்பழம் பிளக்கத்தான். முதல் கட்டையைப் பிடிக்கும் இடத்தில் சீவித் தள்ளிவிட்டாள். இரண்டாவதில் முதுகுப் பக்கத்து ரேகையை வெட்டிவிட்டாள். மரத்தின் ஒரு வயசு ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும், அறுந்தால் அந்த இடத்தில் ஒடியும். மூன்றாவது வளைக்கும்போது இரண்டாகி மோவாயில் அடித்தது, நாலு தையல். ஒவ்வொரு தடவையும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவாள். சுவர், "பரவால்ல, அடுத்தத எடு" என்னும். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் இவ்வளவு பேசியதில்லை. அவளும் இவ்வளவு கேட்டதில்லை. எங்கே விறைப்பாக இருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டு, வளைகிற இடத்தை விட்டுவிடு. அவசரப்பட்டால் மரம் கோபித்துக்கொள்ளும். வயிற்றில் சுரண்டினால் பலம் குறையும், முதுகில் கை வைக்காதே. நாலாவது கட்டை மெல்ல மெல்ல வளைய ஆரம்பித்தது. அது முதன்முதலாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைந்தபோது அவள் அதைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்தாள்.

"இதுல இவ்வளவு இருக்குதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்க?"

"நீ கேக்கவே இல்ல."

அந்தத் தைரியத்தில்தான், ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்தாள். மரத்துக்கு வாக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னேனே, அது வலித்ததா என்று கேட்டாள். "அன்னிக்கு அந்த வில்லு ரொம்ப நல்லா வந்துட்டிருந்துச்சு மாதம்மா. நீ என்ன சொன்னேன்னே சரியாக் காதுல விழுகல." அவள் கையிலிருந்த கத்தியை வீசி எறிந்தாள். இதற்காகவா ஆறு வருஷம் வெந்தேன், இதற்காகவா உங்களைக் கூனாக்கி மண்ணைப் பார்க்க வைத்தேன் என்று கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள். பாப்பாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, புருஷன் பெண்டாட்டி சண்டையில் தலையிடக் கூடாது என்று உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம்தான் அவர்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல வருஷம் என்று மாதம்மாள் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

மருள் செடியின் நாரைக் கிழித்து முறுக்கி நாண் திரித்தாள். அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் காலை புது வில்லில் நாணை ஏற்றிப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, "ஏனுங்க, மாறிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவள் வாயிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது, புது வில்லின் நாணிலிருந்து. இருமிப் பார்த்தாள், இருமலும் சுவரிலேயே கேட்டது. சட்டென்று எடுத்து, காலுக்கிடையில் கொடுத்து வளைத்து நாணை இறக்கியதும்தான் குரல் தொண்டைக்குத் திரும்பியது. வில் பிடித்து வைத்திருப்பது அந்த வீட்டில் செத்தவரை அல்ல, அதைச் செய்தவரை. ஊருக்கு இது தெரியாது, அந்தக் காலத்தில் அவனவன் வில்லை அவனவனே செய்துகொண்டான், இப்போது செய்தவன் இவன் ஒருத்தன்தானே.

"உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அப்பறம் எதுக்குங்க ஒரு வருசமா என்னப் போட்டு இந்தப் பாடு படுத்துனீங்க?"

"எறக்கறதுக்கு ஒரு கை வேணுமில்ல. போன வருசம் உன் கைக்கு ஒன்னும் தெரியாது. இப்பத் தெரியும்."

அவன் சொல்லவந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. வில்லை வளைக்காமலும் நாணை அறுக்காமலும் இறக்க ஒரே வழி, நாணோடு இருக்கும்போதே வயிற்றுப் பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டி அதன் பலத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. ஆறேழு வருஷம் வளைந்தே கிடந்த மரம். கடைசியில் நாணை இழுத்துப் பிடிக்கத் தெம்பு இல்லாமல் அதுவே தளர்ந்துவிடும். ஒரு சுரண்டல் ஒரு பக்கம் கூடிப்போனால் விரிசல் பிளந்துவிடும். நாலு கட்டையைப் பார்த்த கையால்தான் முடியும். அவளை வில் செய்ய விட்டது அவன் தங்குவதற்கு அல்ல, போவதற்கு.

கண்ணாடிச் சில்லை எடுத்தாள். ஒரு நாளைக்குப் பத்துச் சுரண்டல், மேல் பாதியில் ஐந்து, கீழ்ப் பாதியில் ஐந்து. அதற்கு மேல் அவன் விடமாட்டான். சுரண்டச் சுரண்ட அவன் இளைத்தான். கார்த்திகையில் அவன் வழியாக வேலி தெரிந்தது. மார்கழியில் பலா மரம் தெரிந்தது. பாரம் குறையக் குறையத் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஒரு நாள் வாசலில் நின்று தானே அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், வெகுநேரம். ஊர் புரிந்துகொண்டது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் நின்று அவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். சுந்தரராஜன் மாற்றலாகிப் போகிற வழியில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மாதம்மாள் சீவலைக் கீழே விடாமல் ஒரு சேலைத் துணியில் சேர்த்துக்கொண்டே வந்தாள். பத்தை முடித்ததும் ஒவ்வொரு நாளும் அழுகை முட்டும்; கை நடுங்கினால் நாளைக்குச் சுரண்ட முடியாது என்று அடக்கிக்கொள்வாள்.

தை மாதம் பொங்கல் கழிந்த பிறகு நாண் ஒலிப்பது நின்றுவிட்டது. அவ்வளவு தளர்ந்துவிட்டது. அவன் வாய் அசையும், சுவரில் சத்தம் இருக்காது. இன்னும் ஒரு நாள் வேலைதான் பாக்கி. அன்று ராசு வந்து பார்த்துவிட்டு, நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான்: "விரிசலுக்கு இனிப் பயமில்ல கண்ணு. இந்த இழுப்புக்கு ஒடியாது. இப்படியே உட்டாலும் இருவது வருசம் நிக்கும்." சொல்லியிருக்கவே வேண்டாம். மாதம்மாள் சில்லைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாளும் எடுக்கவில்லை. குரல் இல்லாவிட்டால் என்ன, கூன் இல்லை, வலி இல்லை, கண்ணுக்குத் தெரிகிறான். இருபது வருஷம் என்றால் அவள் காலமே முடிந்துவிடும். இருபத்தி மூன்று நாள் அப்படியே விட்டாள். அவன் அடுக்களை வாசலில் கண்ணாடித் தாள் மாதிரி நின்றுகொண்டிருப்பான், வாய் அசைந்துகொண்டே இருக்கும். தன்னிடம்தான் பேசுகிறான் என்று அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சமைத்ததைச் சொன்னாள், சந்தையில் பார்த்தவர்களைச் சொன்னாள்.

இருபத்தி நாலாவது நாள் காலை, சாமை புடைக்கும்போது, அவன் பார்வை தன்மேல் இல்லை என்பதைக் கவனித்தாள். அவள் இடம் மாறி உட்கார்ந்தாள்; பார்வை மாறவில்லை. அவன் வேறு யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான், அவளுக்குத் தெரியாத பக்கத்தில், ஒருவர் இரண்டு பேர் அல்ல, ஒரு கூட்டத்தை. முகத்தில் அந்தச் சங்கடச் சிரிப்பு. பஸ்ஸைப் பிடித்து நிறுத்திவிட்டு, வீட்டில் இருந்து ஆள் வர வேண்டும் என்று டிரைவரிடம் கெஞ்சுகிறவன் முகத்தில் வருமே, அது. கிட்டப் போய் உதட்டைப் பார்த்தாள். கொஞ்சம் இருங்க, இன்னும் கொஞ்ச நேரம், கோவிச்சுக்காதீங்க. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தி மூன்று நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் போகாமல், அவளுக்காக யார் யாரையோ காக்க வைத்துக்கொண்டு நிற்கிறான். அவளைப் பற்றி அங்கே ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டான். அவன் குணம் அப்படி. மாதம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கம் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

முறத்தை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். சில்லை எடுத்து மேல் பாதியில் ஐந்து சுரண்டினாள். கீழ்ப் பாதியில் நாலு. ஐந்தாவதற்கு முன் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் இந்தப் பக்கம் திரும்பி, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சுரண்டினாள். நாண் தளர்ந்து, வில்லின் நுனியிலிருந்து நழுவி, அடுப்புச் சாம்பலில் விழுந்தது. வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

அப்போது மாதம்மாள் அழுதாள். ஊர் அதற்கு முன் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. வளப்பூர் நாட்டில் பாதி வீட்டுக்குக் கேட்டது. முதலில் ஓடி வந்தது பாப்பாயி. சாம்பலில் கிடந்த நாணைப் பார்த்தாள், மாதம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பக் கண்ணு?"

"இப்பத்தானுங்கக்கா."

எடுப்பதற்கு அந்தச் சீவல் மூட்டை இருந்தது; ராசு பந்தல் போட ஆள் கூப்பிடப் போனான். யாரோ சங்குக்குச் சொல்லிவிட்டார்கள். பாப்பாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, சொந்தபந்தத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அர்த்தனாரி காலமாயிட்டாருங்க என்று சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று மட்டும்தான் எல்லோரும் கேட்டார்கள்.